மாடிவீட்டு அக்காவின் பிராந்தி அலெக்ஸாண்டர்

அந்த அம்மாளைப் பற்றி நல்லவிதமாக எழுதப்போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்லவிதமாக எழுதவும் நிறைய இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். மாடியில் அவரும் அவர் கணவரும், கீழ் போர்ஷனில் நானும் என் வீட்டுக்காரரும். பெயர் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் மாடிவீட்டு அக்கா. எழுபதை நெருங்கியவர்தான், ஆனால் யாராவது ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் போய்க்கொண்டே இருப்பார்.

நாங்கள் பால் காய்ச்சிக் குடிபோன அன்றைக்கே இறங்கி வந்தார். கையில் காம்பு வைத்த கண்ணாடிக் கப். ஐஸ்கிரீம் பார்லரில் கொடுப்பார்களே, அந்த மாதிரி. உள்ளே வெளிர் காபி நிறத்தில் கெட்டியாக ஏதோ இருந்தது, மேலே பழுப்பாகத் தூள் தூவியிருந்தது.

“குடி.”

“என்னக்கா இது?”

“குடிச்சுட்டுக் கேளு.”

முகத்தருகே கொண்டுபோனேன். முதலில் ஜாதிக்காய் வாசனை. கைக்குழந்தை தூங்குவதற்குக் கல்லில் உரசி நாக்கில் தடவுவோமே, அந்த வாசனை. அடடா என்று மூச்சை இழுத்தால், அதற்கு அடியில் எங்கப்பா வந்து நின்றார். மதுரையில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் எந்த வாடை வருமோ, அதே வாடை.

“பிராந்தியா? வேண்டாம்க்கா.”

“கைக்கு?” என்றார். ஏன் என்று அர்த்தம். அக்காவின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூரிலிருந்து சிகந்தராபாத் கன்டோன்மென்டுக்கு வந்தவர். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் பேச்சு தமிழில் தொடங்கி உருதுவில் போய் முடியும்.

“எங்கப்பா குடிச்சே செத்தாருக்கா. இந்த வாடையே எனக்கு ஆகாது.”

“சே, இது ட்ரிங்க் இல்லடி. டெஸர்ட். சாப்பாட்டுக்கு மேல சாப்பிடற இனிப்பு. பிராந்தி அலெக்ஸாண்டர்னு பேரு. ஆபீசருங்க மெஸ்ல ஸ்டோர் பாத்தவரு எங்கப்பா, அங்கேருந்து வந்த செய்முறை. நக்கோ, வேண்டாம்னு சொல்லாத. நக்கோன்னா எனக்குக் காது கேக்காது.”

கப்பை மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் சிங்க்கில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். மறுநாள் காலையில் கேட்டருகே பார்த்ததும் கேட்டார்: “சிங்க்குக்குப் பிடிச்சுதா?”

அதுதான் அக்கா. ‘வேண்டாம்’ என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், அன்றிலிருந்து அந்த ஆள்தான் அவருக்கு வேலை. சரி என்று வாங்கிக் குடித்தவர்களை மறுபடி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். என் வீட்டுக்காரர் முதல் தடவையே குடித்து “நல்லா இருக்குக்கா” என்று சொன்னார். அத்தோடு அவர் கணக்கு முடிந்தது. அக்காவின் கணவர் பாடு அதைவிட மோசம். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற என்ஜினியர், உடம்பு முழுக்கச் சர்க்கரை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கப் அவர் முன்னால் வரும். அவரும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் குடித்து முடிப்பார். அவர் வாயிலிருந்து வேண்டாம் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. எப்போதோ சொல்லிப் பார்த்து ஓய்ந்திருப்பார், பாவம்.

ஆனால் அக்கா அதைச் செய்யும் அழகு இருக்கிறதே! வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கலாம். கோகோவும் பிராந்தியும் கலந்த சாராயம் ஒன்று வேண்டும் அதற்கு, அதைக் கடையில் வாங்கமாட்டார். கோகோப் பொடியைச் சர்க்கரைப் பாகில் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறினதும் பிராந்தி ஊற்றி, பாட்டிலில் அடைத்து வைத்து, ஊறினபின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவார். கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்தால் கறுப்பாகப் பளபளக்கும். எருமைப் பாலின் ஆடையைக் கொஞ்சம் பால் விட்டு அடித்து, அதையும் வடிகட்டுவார். பிராந்தி, கோகோ, ஆடை மூன்றும் சரிசமம். கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் மூன்றையும் ஊற்றி, ஐஸ் போட்டு, மூடி திருகி, துண்டைச் சுற்றிக் குலுக்குவார்.

“ஜாடி வேர்க்கணும், கை மரத்துப்போகணும். அப்ப நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு ஆட்டு ஆட்டினாலும் வெண்ணெய் திரண்டுரும். நம்மூர்ப் பொம்பளைங்க எல்லாருக்கும் மோர் கடையற கை. நிறுத்தத் தெரியாது.”

கடைசியில் கப்பில் ஊற்றி, ஜாதிக்காயைத் துருவியில் லேசாகத் தேய்ப்பார். அந்தத் தூள் விழும்போது அவர் முகத்தில் ஒரு சாந்தம் வரும். சாமிக்குப் பூ போடுகிறவர் மாதிரி இருக்கும்.

எதிர்வீட்டில் ஒரு தெலுங்கு அம்மா இருந்தார். மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை இனிப்பு தொடுவதில்லை என்று வேண்டுதல். வருஷக்கணக்காகக் காபிக்குக்கூடச் சர்க்கரை போடாமல் இருந்தவர். அக்காவுக்கு அது பொறுக்குமா? “இது இனிப்பே இல்லம்மா. கோகோ கசப்பு. பிராந்தி மருந்து. உங்களுக்குச் சளி கட்டியிருக்கு பாருங்க” என்று அப்படியும் இப்படியும் பேசி, ஒரு நாள் கப்பைக் காலி செய்ய வைத்துவிட்டார். குடிக்க வைத்ததோடு விட்டாரா? அடுத்த வாரம் கொலுவில் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, “இவங்க வேண்டுதலை நான் முடிச்சு வெச்சுட்டேன், சாமிகிட்ட நானே பேசிக்கறேன்” என்று சொல்லிச் சிரித்தார். அந்த அம்மா சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கேட்டைப் பிடித்து நின்று அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பேசி முடியவிருந்த சம்பந்தமும் அந்த மாதமே தட்டிப்போயிற்று.

நான் கேட்டேன்: “ஏங்க்கா இப்படிப் பண்றீங்க?”

“என் அலெக்ஸாண்டராலயா மாப்பிள்ளை ஓடினான்? பொண்ணு மூக்கைப் பாத்து ஓடியிருப்பான்.”

நானும் சிரித்துத் தொலைத்தேன். பேச்சு அப்படி.

இதே அக்காதான் எனக்குச் சிக்குன்குனியா வந்து மூட்டு மூட்டாகக் கழன்று கிடந்தபோது என்னை எழுப்பி உட்கார வைத்தவர். வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாக, ஏதோ டெஸ்டிங் என்று, ஒடிசா பக்கம் போயிருந்தார். தண்ணீர் டம்ளரைத் தூக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. மூன்று வேளையும் கஞ்சியோடு இறங்கி வருவார். நான் முகத்தைத் திருப்புவேன்.

“வேண்டாம்க்கா, குமட்டுது.”

“எனக்குக் காது கேக்கலையே” என்று தாடையைப் பிடித்துத் திருப்பி ஊட்டுவார். வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவார். தலையில் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். என்னைப் பெற்றவள்கூட அவ்வளவு செய்திருக்கமாட்டாள். அந்த முரட்டுக் கை இல்லையென்றால் நான் அந்தக் காய்ச்சலில் எழுந்திருக்கவே மாட்டேன். இதை நான் மறைக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் என் தம்பி வந்தான்.

ஏ.சி. மெக்கானிக். கைவேலையில் கெட்டிக்காரன். எங்கப்பாவிடமிருந்து வேறு எதையும் வாங்கிக்கொள்ளாமல் குடியை மட்டும் வாங்கிக்கொண்டான். அவன் பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அடியில்தான் புத்தி வந்தது. மதுரையில் ஒரு இடத்தில் இருந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு, பழைய சகவாசம் வேண்டாம் என்று ஹைதராபாத்துக்கு என்னிடம் வந்தான். அவன் பொண்டாட்டி என்னிடம் போனில் சொன்னது இதுதான்: “ஸ்கூல் தொறக்குற வரைக்கும் தொடாம இருந்து காட்டட்டும் மதினி. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நானே ரயில் ஏறி வர்றேன். அங்கேயே சேத்துக்கலாம்.”

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே பாப்பாவுக்கு இடம் பேசி வைத்தேன். நான் அங்கே கணக்கு டீச்சர். தம்பி பாப்பாவுக்கு ஒரு சின்ன சைக்கிள் வாங்கி, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் எங்கள் போர்ட்டிகோவில் நிறுத்தினான். தினமும் வேலைக்குப் போகும்போது அதன் மணியை உறையோடு சேர்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவான்.

அக்காவின் பழைய ஃபிரிட்ஜை அவன் சரிபண்ணிக் கொடுத்தான். எனக்கு ‘மதுரை’ என்று பேர் வைத்தவர், அவனுக்குச் ‘சின்ன மதுரை’ என்று வைத்தார். அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுமே எனக்குக் கிலி பிடித்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே கப் வந்தது. அவன் சிரித்துக்கொண்டே, “வேண்டாம்க்கா. இப்பத்தான் வண்டி ஓடுது, குறுக்க வந்துராதீங்க” என்றான். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே மாடிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தியம் பார்த்தது, அவன் பொண்டாட்டி சொன்னது, பள்ளிக்கூடத்தில் இடம் பேசியது. “அக்கா, யார்கிட்ட வேணும்னாலும் விளையாடுங்க. அவன்கிட்ட மட்டும் வேண்டாம். உங்க காலைப் பிடிக்கிறேன்.”

“ஹவ், ஹவ், ஆமாடி. எனக்குத் தெரியாதா? என்னைப் பாத்தா பேய் மாதிரியா இருக்கு உனக்கு?” என்று என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அக்காவிடம் போய் ‘வேண்டாம்’ என்று கெஞ்சிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

மே மாதம் அக்காவுக்கும் அவர் கணவருக்கும் கல்யாண நாள். வருஷா வருஷம் தெருவுக்கே மத்தியானச் சாப்பாடு போடுவார்கள். வெயில் கொளுத்துகிறது, மாடியில் ஷாமியானா, பிரியாணி வாசனை. பள்ளிக்கூடம் திறக்கச் சில வாரங்கள்தான் பாக்கி. தம்பி பம்பரமாகச் சுற்றிப் பரிமாறிக்கொண்டிருந்தான். நான் அக்காவின் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அக்கா ஜாடியைக் குலுக்கினார், ஊற்றினார், தேய்த்தார். முதல் கப்பை என்னிடம் நீட்டினார், எல்லா வருஷமும் நீட்டுவதுபோல.

“வேண்டாம்க்கா.”

“யோசிச்சுச் சொல்லு மதுரை. அஞ்சு வருஷமா என் கையைத் தட்டிவிடறவ நீ ஒருத்திதான்.”

“தெரிஞ்சுதானே கேக்குறீங்க.”

“சரி. உங்க வீட்டுல யாராவது ஒருத்தர் இன்னிக்கு இதைக் குடிச்சாகணும். நீ குடிச்சா உன்னோட போச்சு.”

வழக்கமான கிண்டல் என்று நினைத்தேன். “போங்கக்கா” என்று எண்ணெயில் அப்பளத்தைத் திருப்பிப் போட்டேன். அவர் கப்பை எடுத்தார். டிராயரைத் திறந்து ஒரு ஸ்பூனையும் எடுத்தார். எதற்கு ஸ்பூன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்பளத் தட்டோடு வெளியே வந்தபோது தம்பி கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். கப் பாதி காலி. ஸ்பூனை வழித்து நக்கிக்கொண்டிருந்தான். அக்கா அவன் தலையில் கைவைத்து நின்றிருந்தார். ஸ்பூன் போட்டுக் கொடுத்தால் அது சாப்பாடு, குடி இல்லை. அப்படித்தான் பேசியிருக்கிறார். வேலை செய்த களைப்பு, வெயில், அம்மா மாதிரி ஒருத்தி ‘ஒரே ஒரு ஸ்பூன்டா கண்ணா’ என்கிறாள். என் தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். எட்டு வயதில் எங்கப்பாவின் பாட்டிலை மோந்து பார்த்து என்னிடம் மாட்டிக்கொண்டபோது பார்த்தானே, அதே பார்வை.

“இனிப்புதான்க்கா” என்றான். “சின்னப் பிள்ளைக சாப்பிடறதுதான்.”

தட்டைக் கீழே போட்டுவிட்டேன். கப்பைப் பிடுங்கினேன். அவன் கொடுத்துவிட்டான். ஆனால் கண் மட்டும் கப்போடு வந்தது. நான் அப்பளத் துண்டுகளைப் பொறுக்கி முடிப்பதற்குள் அக்கா அவனுக்கு இன்னொரு கப் நிறைத்துக் கொடுத்திருந்தார். சாயங்காலம், “கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்” என்று போனவன் மறுநாள்தான் வந்தான். அதற்கப்புறம் ஜாதிக்காயும் வேண்டியிருக்கவில்லை, ஸ்பூனும் வேண்டியிருக்கவில்லை.

நான் மாடிப்படியில் நின்று கத்தினேன். நாசமாய்ப் போக என்றேன். அக்கா மேல்படியில் உட்கார்ந்து முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நான் குடுத்தது டெஸர்ட். கடைக்குப் போனது அவன் கால். அப்புறம், உன்கிட்டதானே மொதல்ல கேட்டேன்?”

ஜூன் மாதம் சிகந்தராபாத் ஸ்டேஷனுக்கு நானும் அவனும் போனோம். அவன் பொண்டாட்டிக்கு விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் அவனைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, வாயில் ஏலக்காய் போட்டுக் கூட்டிப்போயிருந்தேன். பாப்பா புதுப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கக் குனிந்தவன் அப்படியே பெட்டிமேல் சரிந்தான். எப்போது குடித்தானோ தெரியாது. அவன் பொண்டாட்டி பாப்பாவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“திரும்பிப் போற ரயில் எப்ப மதினி?”

அடுத்த வருஷம் மல்காஜ்கிரியில் தனியாக இருந்த ஒற்றை அறையில் குடித்தே செத்துப்போனான். காரியமெல்லாம் முடிந்து நான் சுவரில் சாய்ந்து கிடக்கிறேன், அக்கா ரசம் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறார். வேண்டாம் என்றேன். அன்றைக்கும் அவருக்குக் காது கேட்கவில்லை. உருட்டி என் வாயருகே கொண்டுவந்து சொன்னார்: “நல்ல ரசனைக்காரன்டி உன் தம்பி. அன்னிக்கு ஒரு சொட்டு விடாம வழிச்சுச் சாப்பிட்டான்.”

கையைத் தட்டிவிட்டேன். அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு குகட்பள்ளிக்குப் போய்விட்டோம். சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார் என் வீட்டுக்காரர். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு போன். வெளிநாட்டிலிருந்து அக்காவின் மகள். அப்பா தவறிவிட்டார், அம்மாவுக்குப் பக்கவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது, இனிமேல் அதிக நாள் இல்லை என்றாள். “உங்களையேதான் கேக்குறாங்க. அந்த க்ரீம் ட்ரிங்க் வேணுமாம். டாக்டரே ஆசைப்பட்டதைக் கொடுங்கன்னு சொல்லிட்டார். எனக்கோ நர்ஸுக்கோ செய்யத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க.”

பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். செய்வேன். அவர் கண்ணெதிரே கொண்டுபோய் வைப்பேன். ஒரு சொட்டு கொடுக்கமாட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்தக் காதில் ‘வேண்டாம்’ விழட்டும், ‘இல்லை’ விழட்டும். பாவம் பார்க்கிற எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது.

எல்லாம் அதே இடத்தில் இருந்தது. ஊறுகாய் ஜாடி, துருவி, அவர் கையாலேயே காய்ச்சி வடித்த கோகோ பாட்டில் அடியில் கொஞ்சம். நர்ஸ் தெலுங்குக்காரர், நடுத்தர வயது. நான் வந்ததே உதவி என்று துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நான் ஊற்றினேன், மூன்றும் சரிசமம். துண்டைச் சுற்றிக் குலுக்கினேன். ஜாடி வேர்த்தது, கை மரத்தது. நிறுத்த வேண்டிய நேரம் என்று தெரிந்தது. சிகந்தராபாத் ஸ்டேஷன் ஞாபகம் வந்து, இன்னும் குலுக்கினேன்.

கப்பில் ஊற்றி, மேலே ஜாதிக்காயைத் தேய்த்து, கப்பையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு அவர் கட்டிலருகே உட்கார்ந்தேன். பாதி முகம் தொங்கிப்போயிருந்தது. கண் மட்டும் அதே கண். கப்பை எட்டிப் பார்த்தார். மேலே சின்னச் சின்னதாக வெண்ணெய் மிதந்தது.

“மோர்... கடையற... கை” என்றார். இந்த நிலையிலும்!

ஒரு ஸ்பூன் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். அப்படியே திருப்பி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

கடவுளே, அது அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நாக்கில் குளிர்ச்சி, இனிப்பு, அப்புறம் ஜாதிக்காய், எல்லாம் போனபின் தொண்டைக்குள் மெல்ல ஒரு சூடு. எங்கப்பா வாடை எங்கேயும் இல்லை. அடப்பாவி, இதையாடா உனக்கு ஊட்டினாள்? இதை எப்படிடா நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய்? இரண்டாவது ஸ்பூன் எடுத்தேன். மூன்றாவது எடுத்தேன். அவர் வாய் திறந்தபடியே இருந்தது, கண் ஒவ்வொரு ஸ்பூனோடும் போய்ப் போய் வந்தது. அழட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். கப்பின் ஓரத்தைக்கூட வழித்துவிட்டேன்.

அழவில்லை. திறந்திருந்த வாய் மெதுவாக மூடிற்று. விளங்குகிற பக்கத்து உதடு மேலே ஏறிற்று. எதிர்வீட்டம்மா கப்பைக் காலி செய்தபோதும், என் தம்பி ஸ்பூனை நக்கியபோதும் வந்த அதே சிரிப்பு.

நர்ஸ் காலி பக்கெட்டோடு உள்ளே வந்தார். கப் காலியாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, குடிக்க வைத்துவிட்டீர்களா என்று தெலுங்கில் என்னைக் கேட்டார்.

பதில் கட்டிலிலிருந்து வந்தது.

“நான்...” என்றார் அக்கா, என்னைப் பார்த்தபடியே. “நான்... குடிக்க வெச்சுட்டேன்.”